ரூட்டுக்கு எந்த ஷெல்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சின்னச் சின்ன அலுவலகங்களில் சேர்வர் பார்க்கிற பிள்ளைகள் சேர்வரில் எதையும் செய்ய அதிகாரமுள்ள ரூட் கணக்கின் ஷெல்லைப் பற்றியே, அதாவது உள்ளே நுழைந்ததும் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற புரோகிராமைப் பற்றியே, திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏறாவூர்த் தம்பி ஒருவர்: அண்ணா, லினக்ஸில் ரூட்டுக்கு பாஷ் என்ற ஷெல்தானே இருக்கிறது, ஃபிரீபிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் அதையே வைத்தால் என்ன?

வைக்காதீங்க தம்பி. லினக்ஸில் பெரும்பாலும் பாஷ் சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது. ஃபிரீபிஎஸ்டியில் அது நாம் பிறகு போடுகிற பேக்கேஜ், இருப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்ற இடத்தில், அந்த டிஸ்க் பகுதி மவுண்ட் ஆகாவிட்டால் (சிஸ்டத்தோடு இணையாவிட்டால்) பாஷும் இல்லை, அது தேடுகிற லைப்ரரிகளும் இல்லை. எனக்கே நடந்தது இது. ஒரு மார்கழி மழையில் வந்தாறுமூலையில் வீட்டிலிருந்தபடியே கல்முனையில் இருந்த சேர்வரில் சில பேக்கேஜ்களை மட்டும் அப்டேட் செய்தேன், பாஷ் ஓடத் தேவையான ரீட்லைன் லைப்ரரி புதிதாகி பழையது போய்விட்டது, பாஷ் மட்டும் பழையபடி. தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகிற எஸ்எஸ்எச்சில் மறுபடி நுழைந்தால் பாஸ்வேர்டை ஏற்கிறது, உடனே "லைப்ரரி கிடைக்கவில்லை" என்று ஒரு வரி, கனெக்‌ஷன் அறுந்துவிடுகிறது. என் கணக்குக்கும் பாஷ், ரூட்டுக்கும் பாஷ். கடைசியில் கல்லடிப் பாலம் தாண்டி பஸ்ஸில் போய், சிங்கிள் யூசரில் (பழுதுபார்க்க ரூட் மட்டும் நுழைகிற நிலை) ஏற்றி, எந்த ஷெல் என்று அது கேட்ட இடத்தில் சிஸ்டத்தோடு வருகிற /பின்/எஸ்எச் ஷெல்லுக்கு என்டர் தட்டித்தான் உள்ளே போனேன். அன்றிலிருந்து ரூட்டுக்கு சிஸ்டத்தோடு வருகிற ஷெல் மட்டும்தான்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி: பாஸ்வேர்ட் கோப்பில் "டூர்" என்று ஒரு கணக்கு, யூஐடி, அதாவது கணக்கு எண், ரூட்டைப் போலவே பூச்சியம்! யாரோ உள்ளே புகுந்துவிட்டார்களா?

பயப்படாதீங்க தங்கச்சி, ரூட் என்ற ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். ஃபிரீபிஎஸ்டியோடு வருகிற கணக்குத்தான், பாஸ்வேர்ட் வைக்கிற வரைக்கும் அதில் யாரும் நுழைய முடியாது. பாஷ் ஆசை உள்ளவர்களுக்கென்றே இருக்கிறது: அதற்கு நல்ல பாஸ்வேர்ட் வைத்து பாஷைக் கொடுங்கள், ரூட்டைத் தொடாமல் விடுங்கள். ஆனால் வேறு பெயரில் பூச்சியம் யூஐடி இருந்தால் உடனே விசாரியுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: நானா, உபுண்டுவில் ரூட்டின் ஷெல்லை மாற்ற யூசர்மொட் கட்டளை அடிக்கும்போது ஷெல் பாதையில் ஓர் எழுத்துப் பிழை. இப்போது ரூட்டுக்குள் போக முடியவில்லை.

சுடோ (உங்கள் கணக்கிலிருந்தே ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது) வேலை செய்கிறதா? அப்படியானால் தப்பினீர்கள். சுடோவுக்குப் பிறகு கட்டளையை நேரே கொடுத்தால் அது ரூட்டின் ஷெல்லைத் தேடாது, அதே யூசர்மொட்டைச் சரியான பாதையோடு திரும்ப அடியுங்கள். சுடோவோடு மைனஸ் ஐ என்ற ஆப்ஷனைப் போடாதீங்க, அது அந்த உடைந்த ஷெல்லையே கூப்பிடும். சுடோவும் இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஏறும்போது வருகிற கிரப் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் இனிட்=/பின்/எஸ்எச் சேர்த்து ஏற்றி, டிஸ்க்கை எழுதக்கூடியதாக மறுபடி மவுண்ட் செய்து, பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்த வேண்டும். இனிமேல் ஷெல் மாற்றினால் இருக்கிற விண்டோவை மூடாமல், இன்னொன்றில் நுழைந்து பார்த்துவிட்டு மூடுங்கள்.

வாழைச்சேனை: 2014இல் பாஷில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வந்ததே, அதற்காக பாஷை விட்டுவிடலாமா?

அது வேறு விஷயம். வெப் சேர்வர் போன்றவை வெளியிலிருந்து வரும் தகவலை மாறிகளாக பாஷுக்குக் கொடுக்கும்போது, பாஷ் அதைக் கட்டளையாக ஓட்டிவிட்ட ஓட்டை அது, ரூட்டின் லாகின் ஷெல் எது என்பதால் அல்ல. டெபியன் லினக்ஸில் /பின்/எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறு ஷெல் ஆனதால் அங்கே பாதிப்பு குறைந்தது. பாஷ் இருந்தால் அப்டேட் செய்து வையுங்கள், சரி.

இன்னொருவர்: ரூட்டுக்கு சிஷெல் வேண்டுமா?

வேண்டாம், ஃபிரீபிஎஸ்டியே 14ஆம் பதிப்பில் ரூட்டை சிஷெல்லிலிருந்து எஸ்எச்சுக்கு மாற்றிவிட்டது.

களுவாஞ்சிக்குடி: அப்போ எஸ்எச் வைத்துவிட்டு, நுழையும்போது ஓடுகிற புரொஃபைல் கோப்பில் "பாஷ் இருந்தால் எக்செக் பாஷ்" என்று எழுதலாமா அண்ணா?

நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் என் கல்முனைச் சேர்வரில் பாஷ் கோப்பு இருந்தது, லைப்ரரிதான் இல்லை. "இருக்கிறதா" என்ற சோதனை தேறிவிடும், எக்செக் எஸ்எச்சை அகற்றிவிட்டு பாஷை அந்த இடத்தில் வைக்கும், பாஷ் செத்துவிடும், நீங்கள் வெளியே. உள்ளே போன பிறகு பாஷ் என்று கையால் அடியுங்கள். அது வராவிட்டாலும் எஸ்எச் உங்கள் முன்னால் இருக்கும்.