காலைத் தொங்கப்போட்டால்தான் நித்திரை

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது, சுருட்டுப் பழக்கம் உண்டு. கிளினிக்கில் பிரஷர் 160/95. இடைக்கிடை மூக்கால் இரத்தம் வருகிறது. கால் உளைவால் இரவில் நித்திரை இல்லை, கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் கண் அயர்கிறார். பெருவிரலில் ஆறாத புண். பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்து, பாண்டேஜ் இறுக்கிச் சுற்றிவிடுகிறேன். மூளை நரம்பு வெடித்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, அந்தப் பாண்டேஜை இப்போதே அவிழ்த்துவிடுங்கள்.

160/95 கூடத்தான், ஆனால் அதற்கு இன்றிரவு எதுவும் வெடிக்காது. கிளினிக்கில் குளிசையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். மூக்கால் இரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

எனக்குப் பயம் அந்தக் காலில்தான். வயலுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் உளைந்து, நின்றால் விடுகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இரத்தக் குழாய் அடைபடத் தொடங்குவது அப்படித்தான். படுத்திருக்கும்போதும் நோகிறது, தொங்கப்போட்டால் சுகம் என்றால் அடைப்பு முற்றிவிட்டது. கீழே விட்டால்தான் விரல்வரை இரத்தம் இறங்குகிறது. அதனால்தான் புண்ணும் ஆறவில்லை. இப்படிப்பட்ட காலை இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச இரத்தமும் நின்றுபோகும். தலையணை வைத்து உயர்த்தவும் வேண்டாம். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்து, விறைத்த காலில் சூடு தெரியாமல் பொக்களம் போட்டு வந்தவர்களை வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.

டைக்ளோபெனாக்கை யார் கொடுக்கச் சொன்னது? அது பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரக நோய் இவ்வளவு இருக்கிற வன்னியில் அதை மிட்டாய் மாதிரி வாங்கிக் கொடுக்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாளை காலையே கிளினிக் கொப்பியோடு முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். பாதத்தின் மேல் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் பிரித்தால் 0.9க்குக் கீழே வருவது அடைப்பு. சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுருட்டை இன்றோடு விடச் சொல்லுங்கள், அதை விடாமல் எந்த மருந்தும் இந்தக் காலுக்குச் சரியாக உதவாது.

அதற்குள் கால் திடீரென்று வெளிறி, குளிர்ந்து, விரல் அசைக்க முடியாமல் போனால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். அந்தக் காலைக் காப்பாற்ற நமக்குக் கிடைப்பது சில மணித்தியாலம்தான்.