கோரஸாக வாசிக்கும் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். பாடத்தைக் கோரஸாக நன்றாக வாசிக்கிறார்கள், தனியாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் வாய் திறப்பதில்லை. ஜோடியாக உட்கார வைத்தால் தமிழில் அரட்டைதான். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை, டீச்சர். பேனாவைக் காட்டி 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்கிறோம். அது பேனா என்று உங்களுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும், மீதி 41 பேருக்கும் தெரியும். அப்புறம் அவன் எதற்குப் பேச வேண்டும்? கேட்டால்தான் தெரியும் என்ற நிலையை நீங்கள் உண்டாக்க வேண்டும்.

இதற்கென்றே 'இன்ஃபர்மேஷன் கேப்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஐந்து பஸ்களுக்கு நேரமும் டிக்கெட் விலையும் எழுதி ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஒருவன் தாளில் மதுரை பஸ்ஸின் நேரம் இருக்கும், விலை இருக்காது. பக்கத்தில் இருப்பவன் தாளில் விலை இருக்கும், நேரம் இருக்காது. தாளைக் காட்டாமல், கேட்டுக் கேட்டே நிரப்ப வேண்டும். ஜெராக்ஸுக்குக் காசில்லையா, பட்டியலைப் போர்டில் எழுதி, ஜோடியில் ஒருவரைப் போர்டுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள், அவர் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதட்டும்.

ஆனால் தொடங்குவதற்கு முன்னால் 'வாட் டைம் டஸ் த மதுரை பஸ் லீவ்?', 'ஹவ் மச் இஸ் த டிக்கெட்?' இரண்டையும் நன்றாகப் பழக்கிவிடுங்கள், உங்கள் கோரஸ் இங்கேதான் கைகொடுக்கும். வாக்கியம் கையில் இல்லாத பிள்ளை தமிழுக்குத்தான் போகும். என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் பேசிக்கொள்ளட்டும், விவரம் மட்டும் ஆங்கிலத்தில் கைமாறினால் போதும்.

'காதில் விழுந்துகொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடாதா?' என்று பலரும் கேட்பார்கள். கனடாவில் பாடங்களைப் பிரெஞ்சிலேயே படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், ஆண்டுக்கணக்கில் கேட்டும் அவர்களுடைய பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியிருப்பதைப் பார்த்து, தாங்களே வாக்கியம் அமைத்துப் பேசும் வாய்ப்பு அவர்களுக்குப் போதவில்லை என்று 1985-இல் எழுதினார். நம் வகுப்பிலோ அந்தக் கேட்கும் வாய்ப்பே குறைவு.

பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள், அடுத்த முறை அந்தப் பிள்ளை பேசவே பேசாது. வரிசைக்கு நடுவே நடந்து காதில் விழும் தப்புகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் பெயர் சொல்லாமல் இரண்டு மூன்றைப் போர்டில் எழுதித் திருத்துங்கள். சத்தம் வரத்தான் செய்யும், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூச்சப்படும் பிள்ளையை முதல் மார்க் வாங்குகிறவரோடு சேர்க்க வேண்டாம், எல்லாவற்றையும் அவரே நிரப்பிவிடுவார்; நெருங்கிய சிநேகிதியோடு விடுங்கள்.