பழைய ராணுவத் துவக்கில் சைற் (குறிபார்க்கும் பாகம்) மாற்றலாமா, துளை போட்டு ஸ்கோப் பூட்டலாமா?

துளை போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: லீ-என்பீல்ட் நம்பர் 4 என்ற பழைய பிரித்தானிய .303 ராணுவத் துவக்கு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, 100 யார் (கஜம்) தூரத்தில் சுட்டால் சன்னம் உயரப் போகிறது, முன்சைற் மங்கலாகத் தெரிகிறது, துவக்குத் திருத்துகிறவர் றிசீவரில் (குழல் பூட்டியிருக்கும் இரும்பு உடலில்) துளை போட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டச் சொல்கிறார். வயதை எழுதவில்லை. முன்சைற் மங்கல் என்று முறையிடுகிறவருக்கு நாற்பத்தைந்தாவது தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். உரிமப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.

எனக்கும் இதே யோசனை சொல்லப்பட்டது. என்னுடைய துவக்கு லோங் பிரான்ச் தயாரிப்பு, 1943. ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரை வீதியில் இருந்த ஸ்மோல் ஆம்ஸ் லிமிட்டெட் என்ற அரசுத் தொழிற்சாலை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒன்பது லட்சமளவில் இந்த வகைத் துவக்குகளைச் செய்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் இன்றைக்கும் மிசிசாகாவில் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே செய்த சாமானுக்கு, எண்பது வருடம் ஒருவரும் போடாத துளையை நான் காசு கொடுத்துப் போடுவிக்க வேண்டுமா? அந்தத் துளையைத் திரும்ப மூட முடியாது. நல்ல நிலையில் உள்ள ஒரு நம்பர் 4, துளை விழுந்த அந்த நிமிடமே விலையில் பாதியாகிவிடும். விலையை விடுங்கள், அதன் சைற் நல்ல சைற். பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

முதலாம் உலகப்போரின் பழைய நம்பர் 1 மார்க் 3 இல் பின்சைற் குழலின் மேலே, கண்ணுக்குத் தூரத்தில் இருந்தது. திறந்த வெட்டு. முன்சைற்றுக்கும் அதற்கும் இடையில் சுமார் 19 அங்குலம்தான். நம்பர் 4 இல் பின்சைற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில், றிசீவரின் பின்முனைக்குக் கொண்டுவந்து, வெட்டுக்குப் பதிலாகத் துளை வைத்தார்கள். இடைத்தூரம் சுமார் 28 அங்குலமானது. தூரம் கூடக் கூட, குறிபார்ப்பதில் நாங்கள் விடுகிற சின்னப் பிசகு இலக்கில் குறைவாகத் தெரியும். துளையின் நன்மை அதைவிடப் பெரிது. திறந்த வெட்டில் கண் பின்சைற், முன்சைற், இலக்கு மூன்றையும் மாறி மாறித் துலக்கப் பார்க்கிறது. இருபது வயதுக் கண் அதைச் சமாளிக்கும், ஐம்பது வயதுக் கண்ணுக்கு முடியாது. சிறு துளைக்குள்ளால் பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். துளையின் விளிம்பை நீங்கள் பார்க்கவே தேவையில்லை. ஊசித்துளைக் கமெராவில் தூரமும் கிட்டவும் ஒன்றாகத் தெளிவது போல முன்சைற்றும் இலக்கும் சேர்ந்து தெளியும். மாலை வெளிச்சத்தில் சிறு துளை இருட்டும், அது உண்மை. சூட்டுத்தளத்தில் பகலில் சுடுகிறவருக்கு அது ஒரு குறை இல்லை.

ஆனால் எல்லா நம்பர் 4 இலும் நல்ல பின்சைற் இருக்காது. போர்க்கால அவசரத்தில் எல்லாவற்றையும் எளிமையாக்கினார்கள். மார்க் 2 என்ற சைற் வெறும் மடிப்புத் தகடு: 300 யாருக்கு ஒரு துளை, மடித்தால் 600 யாருக்கு இன்னொன்று. என்னுடையதில் அதுதான் இருந்தது. உங்களுடையதிலும் அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் 100 யாரில் உயரப் போகிறது என்கிறீர்கள். 300 யாருக்கு வைத்த துளையால் 100 இல் சுட்டால் உயரத்தான் போகும். அது பழுது இல்லை, ராணுவத்துக்கு வேண்டியது அதுதான். மார்க் 1 என்பது கடைந்து செய்த ஏணிச் சைற். திருகைச் சுற்ற, துளை ஒவ்வொரு படியாக ஏறும். 200 இலிருந்து 1300 யார் வரை இலக்கம் பொறித்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அச்சாணியில் பூட்டுகிறவை. அச்சாணியைப் பிடித்திருக்கும் சிறு ஊசியைத் தட்டி எடுத்து, கீழே வில்லோடு இருக்கும் குமிழ் பறந்துபோகாமல் விரலால் அமத்திக்கொண்டால், மாற்றிவிடலாம்; துவக்கில் துளை போடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், பழையதைத் திரும்பப் பூட்டவும் முடியும். நான் அதைத்தான் செய்தேன். பழைய மடிப்புச் சைற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி, தொடர் இலக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்தத் துவக்கு யாரிடம் போனாலும் அதுவும் கூடப் போகும்.

மார்க் 1 பூட்டி 200 இல் வைத்துச் சுட்டேன். 100 யாரில் சூடுகளின் நடு 4 அங்குலம் உயரத்திலும் 3 அங்குலம் இடப்பக்கத்திலும் இருந்தது. துவக்குத் திருத்துகிறவர் அதைப் பார்த்துத்தான் ஸ்கோப் என்றார். எங்கள் சூட்டுத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், தகப்பன் வழியாக வந்த நம்பர் 4 வைத்திருப்பவர். அவர் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டுத் தந்தார். சன்னம் பிசகின தூரத்தை இரண்டு சைற்றுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், முன்சைற் எவ்வளவு மாறவேண்டும் என்று வரும். 100 யார் என்பது 3600 அங்குலம். 4 ஐ 28 ஆல் பெருக்கி 3600 ஆல் வகுத்தால் 0.031 அங்குலம்.

இந்த இடத்தில் பிரித்தானியர் செய்த நல்ல வேலை ஒன்று இருக்கிறது. நம்பர் 4 இன் முன்தகடுகள் (முன்சைற்றாக நிற்கும் சிறு தகடுகள்) 0.015 அங்குலப் படிகளில் பல உயரங்களில் செய்யப்பட்டன, உயரத்தின் இலக்கம் தகட்டிலேயே பொறித்திருக்கும். ஒரு படி என்றால் 100 யாரில் ஏறக்குறைய 2 அங்குலம். என்னுடையதில் .030 இருந்தது. .060 தகடு வாங்கிப் போட்டேன். உயரமான முன்தகடு சன்னத்தைக் கீழே இறக்கும், கட்டையானது ஏற்றும். இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, உயரச் சுடுகிற துவக்கின் முன்தகட்டை அரத்தால் ராவினவர்கள் இருக்கிறார்கள். அரத்தைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

இடம் வலத்துக்கும் முன்சைற்தான், ஏனென்றால் ராணுவப் பின்சைற்றில் பக்கவாட்டு அசைவு கிடையாது. சன்னம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன்தகட்டைத் தள்ள வேண்டும். 3 அங்குலம் இடப்பக்கம் என்றால், அதே கணக்கின்படி தகடு இடப்பக்கமாக 0.6 மில்லிமீற்றர். சிலவற்றில் தகட்டின் அடியை ஒரு சிறு திருகாணி இறுக்கியிருக்கும். அதைத் தளர்த்தாமல் அடிக்க வேண்டாம். பித்தளைத் தண்டு, சின்னச் சுத்தியல், முதலே பென்சிலால் ஒரு அடையாளக் கோடு. அன்றைக்கே சன்னங்கள் கறுப்பு வட்டத்துக்குள் வந்தன. பக்கவாட்டுக்கும் ஒரு திருகு வேண்டுமென்றால் பார்க்கர்-ஹேல் செய்த 5சி என்ற போட்டிச் சைற் உண்டு, நம்பர் 4 இல் துளை போடாமலே பூட்டலாம். அழகான சாமான், ஆனால் இப்போது துவக்கின் விலைக்குக் கிட்ட விற்கிறார்கள். உங்களுக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை.

சைற்றைக் குறை சொல்ல முதல் துவக்கின் மரப்பகுதியைப் பாருங்கள். நம்பர் 4 இல் முன்மரம் நுனிக்குக் கிட்டக் குழலைக் கீழிருந்து மெல்லத் தாங்கும்படி பொருத்தப்பட்டது. 1950களிலும் 60களிலும் வேட்டைக்காரர்கள் முன்மரத்தை வெட்டிக் கட்டையாக்கினார்கள், அந்தத் தாங்கலும் அதோடு போனது. அப்படி வெட்டின துவக்கு சூட்டுக்குச் சூடு வேறு இடத்தில் அடித்தால் எந்தச் சைற்றும் உதவாது. குழலின் வாய் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே வகை ரவையால் சுட்டுவிட்டுத்தான் கணக்குப் போடுங்கள். மார்க் 7 ராணுவ ரவையின் சன்னம் 174 கிறெயின், கடையில் விற்கும் வேட்டை ரவைகளில் பலது 150 அல்லது 180. இரண்டும் ஒரே உயரத்தில் அடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மங்கல் பிரச்சினைக்கு வருகிறேன். முன்சைற் உங்கள் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடி அதற்கு மிகக் கிட்ட, தூரக் கண்ணாடி மிகத் தூரம். சுடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, தூரப்பார்வை அளவோடு +0.50 அல்லது +0.75 சேர்த்து ஒற்றைப் பார்வைக் கண்ணாடி செய்விப்பது. இதைச் சொல்லி ஒன்று செய்து தா என்று ஒரு கண்ணாடிக் கடையில் கேட்டேன். கேட்டதைச் செய்யாமல் புரோகிரசிவ் கண்ணாடியை, மேலிருந்து கீழாக அளவு மாறிக்கொண்டு போகிற வகையை, தலையில் கட்டினார்கள். துவக்கில் கன்னம் வைத்தால் தலை முன்னுக்குச் சாய்கிறது, பார்வை கண்ணாடியின் மேல் மூலையால் போகிறது, அங்கே அந்த அளவு இல்லவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பூச்சு, மெல்லிய வில்லை, சட்டம் என்று தனித்தனியாக அறவிட்ட ஒன்றுக்கும் காசு திரும்பவில்லை. அறுபதைத் தாண்டினவர்கள் எத்தனை பேர் இப்படி ஏமாறுகிறார்கள்! ஆங்கிலத்தில் நின்று வாதாட முடியாத அம்மாமார் நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்கப் பயந்து, கடைசியில் மேசை லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள். என் மனைவியின் தாயார் அப்படித்தான் வைத்தார். இதைக் கேட்க ஒருவரும் இல்லை. சரி, கேட்ட விசயத்துக்கு வருகிறேன்: வேறொரு இடத்தில் சாதாரண ஒற்றை வில்லையாகச் செய்வித்தேன், அதோடு முன்தகடு கத்தி விளிம்பு போலத் தெரிந்தது.

வெயிலில் முன்தகடு பளபளத்தால் ஒளி விழுகிற பக்கம் பெரிதாகத் தெரியும், குறி அந்தப் பக்கத்துக்கு ஏமாறும். பழைய போட்டிக்காரர்கள் தகட்டுக்குப் புகை பிடிப்பார்கள். கற்பூரப் புகை நல்ல கரி தரும், அது எங்கள் வீடுகளில் எப்போதும் இருக்கிற சாமான். போல்ற்றைக் கழற்றி எடுத்து, ரவைகளை வேறு இடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

இதை வாசித்துவிட்டு, "அங்கேயிருந்து உயிர் தப்பி வந்தவனுக்கு இங்கே துவக்கு என்ன கேடு" என்று எழுதப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். கலியாண வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் இந்த .303 துவக்கு தொங்கினதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். அதைக் கண்டால் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்தவன். அந்தப் பயத்தின் சாமானைக் கழற்றி, ஒவ்வொரு ஆணியும் எதற்கு என்று விளங்கி, பூட்டி வைத்து, சட்டப்படி ஒரு காகிதத்தில் மட்டும் சுடுவது எனக்கு நிம்மதி தருகிறது. மிருகத்தைச் சுட்டதில்லை, சுடுகிற எண்ணமும் இல்லை. வேட்டையாடுகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. கனேடிய ரேஞ்சர்கள் என்ற பகுதிநேர ராணுவக் காவலர்கள் வட துருவக் கரையில் இந்த நம்பர் 4 ஐத்தான், இதே இரும்புச் சைற்றோடு, அண்மைக்காலம் வரை தோளில் கொண்டு திரிந்தார்கள். பனிக்கரடி உள்ள இடத்தில் அவர்களுக்குப் போதுமாக இருந்தது எங்கள் 100 யார் காகிதத்துக்குப் போதாதா?

வேறு துவக்கு வைத்திருந்து இங்கே வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. ரஷ்ய மோசின்-நகான்ட் 91/30 இன் முன்சைற் ஒரு வளையத்துக்குள் நிற்கும் கம்பி. சனியனை (குழல் நுனியில் பூட்டும் குத்துக்கத்தியை) மாட்டியபடி சுடுவதற்குச் சரிபார்க்கப்பட்டது, அதனால் சனியன் இல்லாமல் சுட்டால் இடம் மாறும். கம்பியின் உயரத்தை மாற்ற வசதியில்லை, மின்கம்பியின் பிளாஸ்ரிக் உறையைத் துண்டாக்கிச் செருகி உயர்த்துவார்கள். அதில் கம்பியை 1 மில்லிமீற்றர் உயர்த்தினால் 100 மீற்றரில் சன்னம் சுமார் 16 சென்ரிமீற்றர் இறங்கும். சுவீடன் மவுசர் எம்/96 இன் பின்சைற் 300 மீற்றரில்தான் தொடங்குகிறது. அதற்கும் உயரமான முன்தகடுகள் உண்டு, துளை போடாமல் றிசீவரில் பற்றிக்கொள்ளும் நல்ல துளைச் சைற்றுகளும் உண்டு.

போட்டிகளில் சுடுகிற எண்ணம் இருந்தால் எதையும் வாங்க முன்னர் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கேம்ப் பெரி என்ற இடத்தில் சிஎம்பி (பொதுமக்களுக்கான சுடுபயிற்சி அமைப்பு) நடத்துவது போன்ற பழைய துவக்குப் போட்டிகளில் ராணுவம் கொடுத்த வடிவிலேயே இருக்க வேண்டும் என்ற பிரிவுகள் உண்டு. மார்க் 2 ஐ எடுத்து மார்க் 1 பூட்டினால், அதுவும் ராணுவச் சைற் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பார்க்கர்-ஹேல் பூட்டினால் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் முன்தகட்டில் என்ன இலக்கம் இருக்கிறது, சன்னம் எத்தனை அங்குலம் எந்தப் பக்கம் போகிறது என்று கீழே எழுதுங்கள். எந்தத் தகடு வாங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.