மியான்மருக்காகப் பூசையில் மன்றாட்டு எப்படி எழுதுவது?

காரைக்குடிக்காரர் நீங்கள், தாத்தா ரங்கூனில் வேலை பார்த்தவர், ஞாயிறு பூசையில் மியான்மருக்காக மன்றாட்டு வாசிக்க வேண்டும் என்கிறீர்கள். நல்ல காரியம். நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் அந்த நாட்டுக் காட்டு மரம். அந்த மக்களை நாம் மறக்கவே கூடாது.

"உலக அமைதிக்காக" என்று மொட்டையாக எழுதாதீர்கள். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அப்புறம் உள்நாட்டுப் போர். 2025 மார்ச் 28-ல் மண்டலே பக்கம் பெரிய நிலநடுக்கம். வீடிழந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்று 13-ஆம் திருப்பாடல் கடவுளிடமே கேட்கிறது, நாமும் கேட்கலாம், தப்பில்லை.

துப்பாக்கி பிடித்தவனுக்காகவும் மன்றாட வேண்டுமா? வேண்டும். இதுதான் ரொம்பக் கஷ்டமான பகுதி. தங்களைச் சிறைபிடித்துப் போன பாபிலோன் நகரத்துக்காகவே மன்றாடச் சொல்லி, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா கடிதம் எழுதினார் (எரேமியா 29:7). 2021-ல் மிச்சினா நகரில் ஆன் ரோஸ் நு தாங் என்ற கன்னியாஸ்திரி, ஆயுதம் தாங்கிய போலீசார் முன் தெருவில் முழந்தாளிட்டு, பிள்ளைகளைச் சுடாதீர்கள் என்று கெஞ்சினார். அவர்களையும் மனிதர்களாக நினைத்ததால்தானே கெஞ்ச முடிந்தது?

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆண்டவரே, மியான்மரில் பசியோடு ஒளிந்திருப்போரைக் காத்தருளும். ஆயுதம் ஏந்தியோரின் மனத்தை மாற்றும். துன்புறுவோருக்கு உதவ எங்கள் கைகளைத் திறந்தருளும்." நிறுத்தி, மெதுவாக வாசியுங்கள், சனங்கள் பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.