நட்சத்திரப் பழச்சாறு: சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா. இரத்த அழுத்தத்திற்கு நல்லதென்று பக்கத்து வீட்டார் சொன்னதால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் வாசலில் காய்க்கும் பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தை, இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) சென்றுவரும் தாயாருக்குச் சாறு பிழிந்து கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்பழத்தில் ஆக்சாலிக் அமிலத்தோடு, 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இனங்கண்டு அறிவித்த கேரம்பாக்சின் என்னும் நரம்பு நச்சும் உள்ளது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதடைந்த சிறுநீரகத்தால் அது இயலாததால், நச்சு இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி; அதையடுத்து மனக்குழப்பம், வலிப்பு, சில வேளைகளில் மரணமும் நேரும். புளிப்பு வகையில்தான் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்றாலும், ஐந்து விளிம்பும் மஞ்சளாகிக் கனிந்த இனிப்புப் பழமும் அவருக்கு ஆகாது.

ஏற்கெனவே குடித்து விக்கல் எடுத்திருந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பழம் உண்டதைத் தவறாமல் சொல்லுங்கள்.