பொழிப்புரையோடு நின்றுவிட்ட கட்டுரை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும், கூடவே வைத்திருந்த உங்கள் மகளின் கட்டுரையையும் இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவள் படிக்காமல் எழுதவில்லை. பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த பெண், இலக்கியமும் வரலாறும் எடுத்த முதல் பருவத்திலேயே 100க்கு 48 வாங்கினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருப்பது ஒரே வரி: ‘இது சுருக்கம். உன் விளக்கம் எங்கே?’

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஆளுக்கொரு அர்த்தம் சொல்வதெல்லாம் ஒரு படிப்பா? அப்படியே படித்தாலும் யார் வேலை கொடுப்பார்கள்? உங்கள் கவலை இரண்டாவதில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அதற்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு அர்த்தம் என்பது பாதி உண்மை. திருக்குறளுக்கு உரை எழுதிய பழையவர்கள் 10 பேர் என்பது மரபு. அவர்களில் 5 பேரின் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பல இடங்களில் ஒத்துப்போகிறார்கள், சில இடங்களில் முட்டிக்கொள்கிறார்கள். ஆனால் எப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பரிமேலழகர் முன்னவர் ஒருவரோடு உடன்படாதபோது ‘என்று உரைப்பாரும் உளர்’ என அந்தப் பொருளையும் எடுத்து வைக்கிறார். பல இடங்களில் அது ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணமும் சொல்கிறார். ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்’ என்று எழுந்து போவதில்லை. விளக்கம் என்று ஆசிரியர்கள் கேட்பது இதைத்தான். எந்தச் சொல்லிலிருந்து எடுத்தாய் என்று கேட்டால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. ஆக, பல விளக்கங்கள் இருக்கலாம். எல்லாம் ஒரே எடை கிடையாது.

அந்த உரை மரபிலேயே, பாட்டின் பொருளைத் திரட்டிச் சொல்லும் பொழிப்புரை என்று ஒன்று உண்டு, அதற்கு மேல் விரித்துச் சொல்லும் விருத்தியுரை என்று ஒன்று உண்டு. உங்கள் மகள் நான்கு பக்கம் எழுதியிருப்பது நல்ல, சுத்தமான பொழிப்புரை. பள்ளியில் அதற்குத்தான் மதிப்பெண். இப்போது கேள்வி மாறிவிட்டது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இதில் ஆசிரியர்மேலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வரிக்குப் பதில் ஐந்து வரி எழுதியிருக்கலாம்.

ஆனால் பொழிப்புரையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்து மாணவர்களுக்குக் கவிதைகளைக் கொடுத்து, படித்துவிட்டு எழுதித் தரச் சொன்னார். அப்படி வந்தவற்றை வைத்து 1929ல் ஒரு நூலும் எழுதினார். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான், ஆனாலும் அவர் பட்டியலிட்ட தடுமாற்றங்களில் முதலாவது, கவிதை நேராக என்ன சொல்கிறது என்பதே பிடிபடாதது. அப்புறம், எதைப் படித்தாலும் ஏற்கெனவே மனதில் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து அதன்மேல் கொட்டிவிடுவது. நிலா என்றால் தனிமை, தாய் என்றால் தியாகம். உங்கள் மகளுக்கு முதல் தடுமாற்றம் இல்லை. பாதிக் கிணறு தாண்டிவிட்டாள் என்றுதான் சொல்வேன் (தாண்டுகிறவர்கள் அங்கே நிற்க முடியாது என்பது வேறு விஷயம்).

சரி, வரலாற்றுக்கு வருவோம். எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது, அதில் கொஞ்சம் நிற்கிறேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் பேரரசின் மேற்குப் பகுதி ஆட்சியுரிமையைப் போப்புக்குக் கொடுத்ததாக ஒரு ஆவணம் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் புழங்கிவந்தது. கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 1440ல் லோரென்சோ வல்லா என்ற லத்தீன் அறிஞர் அந்த ஆவணத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, இது போலி என்று காட்டினார். கையில் ஆய்வுக்கூடம் கிடையாது, தோண்டியெடுத்த பொருள் எதுவும் கிடையாது. லத்தீன் எந்தக் காலத்தில் எப்படி எழுதப்பட்டது என்ற அறிவு மட்டும்தான். ரோம அதிகாரிகளைக் குறிக்க அந்த ஆவணத்தில் ‘சத்ரப்’ என்ற சொல் வருகிறது. அது பாரசீக ஆளுநர்களுக்கு உரிய பட்டம். கான்ஸ்டன்டைனின் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவன் எப்படி அதை எழுதுவான் என்று கேட்டார். ஆவணம் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் முடிவு.

இங்கே இலக்கியம் படித்தவரின் காது வரலாற்றுக் கேள்வியைத் தீர்த்துவிட்டது. இரண்டையும் சேர்த்து எதற்குப் படிக்கிறாள் என்று உறவினர் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. வல்லாவின் புரவலர் அல்போன்சோ மன்னருக்கும் போப்புக்கும் அந்தச் சமயத்தில் நேபிள்ஸ் தொடர்பாகக் கடும் மோதல். அப்படியானால் வல்லா சொன்னது பக்கச் சார்பா? சார்பு இருந்திருக்கலாம். ஆனாலும் சத்ரப் என்ற சொல் அந்த ஆவணத்தில் இருக்கிறதே! ஒருவர் ஏன் சொல்கிறார் என்பதும், சொன்னது சரியா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ‘இவர் சார்புள்ளவர், எனவே நம்ப முடியாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் மாணவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். முதலாண்டில் எல்லோருக்கும் வரும் வியாதி இது. உங்கள் மகளுக்கு அடுத்த கட்டுரையில் வரும், தயாராக இருங்கள்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ இதழ், ஹிட்லரின் கையெழுத்து நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டன என்று அறிவித்தது. ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் முதலில் உண்மையானவை என்று சொல்லிவிட்டு, பிறகு சந்தேகப்பட்டுப் பின்வாங்கினார். மே மாதத்திலேயே குட்டு உடைந்தது: தாளில் இருந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. உள்ளடக்கத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே அச்சில் இருந்த ஹிட்லர் உரைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. குவியல் குவியலாகக் கண்முன் கிடந்த நோட்டுகள் பெரிய அறிஞரையே அசர வைத்துவிட்டன. அளவு ஒரு சான்று ஆகாது என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

இனி உங்கள் மகளுக்கு. இந்தப் பகுதியை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உனக்குக் கொடுத்திருந்தது ஒரு வணிகரின் கடிதம். முற்றுகையில் சிக்கிய நகரத்தைப் பற்றி வெளியூரில் இருந்த தொழில் பங்காளிக்கு எழுதியது. கேள்வி: ‘நகரின் நிலைமை குறித்து இந்தக் கடிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?’ நீ எழுதியது: கடிதம் என்ன சொல்கிறது. கேள்வியில் உள்ள ‘எந்த அளவுக்கு’ என்ற சொல்லை நீ பார்க்கவே இல்லை. இனிமேல் கேள்வித்தாளை வாங்கியதும் வினாச்சொல்லின் அடியில் கோடு போடு. சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், பரவாயில்லை.

அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் 8 வரலாற்றாசிரியர்களையும் 8 பள்ளி மாணவர்களையும் உட்கார வைத்து, அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய, 1775ல் லெக்சிங்டனில் நடந்த மோதலைப் பற்றிய ஆவணங்களைப் படிக்கச் சொன்னார். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படிக்க வேண்டும். முடிவு 1991ல் வெளிவந்தது. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கி நேராகக் கடைசிவரை போனார்கள். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் யார் எழுதியது, எப்போது, யாருக்கு என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். அவர்களில் அமெரிக்க வரலாற்றைச் சிறப்பாகப் படிக்காதவர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனி. தகவல் குறைவாகத் தெரிந்தாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நீயும் கடிதத்தின் அடியிலிருந்து தொடங்கு. எழுதியவர் தானிய வணிகர். பங்காளியிடம் சரக்கு இருக்கிறது. ‘ஊரில் ஒரு மணி தானியம் இல்லை’ என்று அவர் எழுதும்போது அது செய்தியா, விலை ஏறப்போகிறது என்ற சைகையா? இரண்டுமாக இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று உடனே தாவாதே. விலையைப் பற்றித் தன் பங்காளியிடம் ஒரு வணிகர் பொய் சொல்ல என்ன காரணம்? அவனிடம் உண்மை சொல்லத்தான் காரணம் அதிகம். பார், இந்த இடத்தில் கடிதத்தின் நம்பகத்தன்மை குறைவதற்குப் பதில் ஏறுகிறது. ஆனால் அதே கடிதத்தில் எதிரிப் படையின் எண்ணிக்கையைச் சொல்கிறாரே, அது அவருக்கு எப்படித் தெரியும்? நீயே இரண்டாம் பக்கத்தில் அந்த வரியை மேற்கோள் காட்டியிருக்கிறாய்: ‘எனக்குச் சொல்லப்பட்டபடி’ என்று தொடங்குகிறது. காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு சொல்லில்தான் உன் கட்டுரை ஒளிந்திருக்கிறது. ஒரே கடிதத்தில் சில வரிகளை நம்பலாம், சிலவற்றை அந்த அளவுக்கு நம்ப முடியாது. எதை, ஏன்? ஆசிரியர் எதிர்பார்த்த விளக்கம் அதுதான்.

அம்மா, இப்போது வேலை.

ஒளிக்காமல் சொல்கிறேன்: செவிலியர் படிப்பைப் போலவோ கணக்கியலைப் போலவோ, இந்தப் பட்டத்தின் பெயரிலேயே ஒரு பதவி காத்திருக்காது. கூடவே இன்னொன்று வேண்டும். சட்டமாக இருக்கலாம், இதழியலாக, ஆவணக் காப்பகப் பயிற்சியாக, இரண்டாவது மொழியாக, தரவுகளைக் கையாளும் அடிப்படைப் பயிற்சியாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டு வரும்போது அதை முடிவு செய்தால் போதும். ஆனால் அந்தக் கூடுதல் படிப்பு எதுவாக இருந்தாலும், அடியில் வேலை செய்யப்போவது இந்தப் பழக்கம்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டார்கள். எந்தெந்த வேலைக்கு அந்த ஊதியம் இல்லை என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில், ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி கட்டுதல்’ என்பது ஒரே வேலையா, ‘விநியோகம்’ தனி வேலையா என்பதே சண்டை. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை, அதனால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஓட்டுநர்கள் விநியோகம் செய்கிறவர்கள், பொதி கட்டுகிறவர்கள் கிடையாது. 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 2018ல் 50 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. ஒரு வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்களே!

இதே திறமையோடு வேறு இடங்களில் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள்: செய்தியின் மூலத்தைச் சரிபார்க்கிறவர்கள், பதிப்பாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், அருங்காட்சியகத்தில் பொருளுக்கு விவரம் எழுதுகிறவர்கள், கொள்கை ஆய்வு நிறுவனங்களில் அறிக்கை தயாரிப்பவர்கள், கோரிக்கை மனுக்களில் உண்மையைத் தேடும் காப்பீட்டு ஆய்வாளர்கள். ஆசிரியப் பணி சொல்லாமலே தெரியும்.

கணினியே எல்லாம் எழுதிவிடுகிறதே என்ற பயத்தையும் எழுதியிருந்தீர்கள். சுருக்கம் எழுதத் தெரிவதன் மதிப்பு குறைந்துவிட்டது, உண்மை. உங்கள் மகளுக்கு 48 கிடைத்ததன் பின்னணியில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் 2023ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது எதற்கு? சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை, அப்படி வழக்குகள் இருந்தனவா என்று சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் கொடுத்ததற்கு. ‘எனக்குச் சொல்லப்பட்டபடி’ என்ற வரியைப் பார்த்ததும் யார் சொன்னது என்று கேட்கிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லாமல் போனார்.

அதனால் இப்போது பாடம் மாற்றும் படிவத்தை நிரப்ப வேண்டாம். ஒரு பருவத்து மதிப்பெண்ணை வைத்து அந்த முடிவை எடுப்பது அவசரம். இரண்டாம் பருவ முடிவிலும் அவளுக்குப் படிப்பு கசப்பாகவே இருந்தால் (மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, கசப்பைச் சொல்கிறேன்) அப்போது மூவரும் உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் அவள் ஆசிரியரிடம் போய், ‘இதை எப்படிச் சரி செய்வது’ என்று பொதுவாகக் கேட்காமல், இரண்டாம் பக்கத்து மேற்கோளைக் காட்டி, ‘இங்கே நான் என்ன கேட்டிருக்க வேண்டும்’ என்று கேட்கட்டும். பிறகு பழைய நான்கு பக்கத்தையும் மூடி வைத்துவிட்டு, அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி இரண்டே பக்கம் புதிதாக எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது ‘என்று உரைப்பாரும் உளர்’ வர வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. நீங்கள் படித்துத் திருத்திக் கொடுக்க வேண்டாம் அம்மா, அப்படியே வரட்டும்.