கடைத் தளத்தில் நாள் முதலில் வர, கோடில் எங்கே கை வைப்பது?

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையின் தளம் ஓஎஸ்காமர்ஸ் 2.3 என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் ஓடுகிறது. தேதிகள் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வருகின்றன. ஜூலை 4 அன்று ஆர்டர் போட்டவர் 07/04 என்று பார்த்துவிட்டு, 'நான் ஏப்ரலில் எதுவும் வாங்கவில்லையே' என்கிறார். எதை மாற்ற வேண்டும்?

பதில்: கடையின் 'இன்க்ளூட்ஸ்' ஃபோல்டருக்குள் 'லாங்குவேஜஸ்' இருக்கும். அதில் 'இங்கிலீஷ்' என்ற பெயருள்ள பிஎச்பி ஃபைல்தான் நீங்கள் தேடுவது. முதலில் அதை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஃபைலின் தொடக்கத்திலேயே தேதி வடிவங்கள் வரிசையாக இருக்கும். எம், டி, ஒய் என்று இருப்பதை டி, எம், ஒய் ஆக்குங்கள். சில வரிகளில் எழுத்துக்கு முன் சதவீதக் குறி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதை இருக்கிறபடியே விடுங்கள். இரண்டு வகையும் வெவ்வேறு ஃபங்ஷன்களுக்குப் போகின்றன.

இதோடு ஆர்டர் பக்கம் சரியாகிவிடும், பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் நிறுத்த வேண்டாம். வாடிக்கையாளர் தரும் பிறந்த தேதி இன்னும் பழைய கணக்கில்தான் வாசிக்கப்படும். அதே ஃபைலில் 'டெப் டேட் ரா' என்றொரு ஃபங்ஷன் உண்டு. உள்ளிட்ட தேதியை இடம் பார்த்து வெட்டி, ஆண்டு, மாதம், நாள் என்று ஒட்டிக் கொடுப்பது அதன் வேலை. 0-ஆம் இடத்தில் மாதம், 3-இல் நாள், 6-இல் ஆண்டு என்று அது நம்புகிறது. ஒருவர் 25/12/1990 என்று போட்டால் 25-ஐ மாதமாக எடுத்து, தேதி தவறு என்று திருப்பி அனுப்பும். அதுகூடப் பரவாயில்லை, தவறு கண்ணுக்குத் தெரிகிறது. 05/06/1990 என்று போட்டாலோ சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு, ஜூன் 5-ஐ மே 6 ஆகப் பதிந்துவிடும். அந்த ஃபங்ஷனில் தேதியை வெட்டும் வரிகள் இரண்டு. இரண்டிலும் 0-வையும் 3-ஐயும் இடம் மாற்றுங்கள். 6 அப்படியே இருக்கட்டும்.

தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டருக்கும் அங்கேயே தனி வரி உண்டு. அது ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் கணக்கு: அதில் இரண்டு ஒய் போட்டாலே நான்கு இலக்க ஆண்டு வரும். நான்கு போட்டால் ஆண்டு இரண்டு தடவை விழும்.

அட்மின் பகுதிக்குத் தனி மொழி ஃபைல். இதையெல்லாம் அங்கேயும் செய்ய வேண்டும்.

டேட்டாபேஸைத் தொடாதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்று அது சேமிக்கும் முறை சரியானதுதான். ஏற்கெனவே பதிந்த பிறந்த தேதிகளை ஒரே க்வெரியில் திருப்பிப் போடவும் வேண்டாம். நாளும் மாதமும் 12-க்குள் இருந்தால் எது எது என்று கோடால் சொல்ல முடியாது. வாடிக்கையாளரைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், யாராவது கூடுதல் மாட்யூல் எழுதித் தந்திருந்தால் அதில் 'ஸ்ட்ர்-டு-டைம்' (எழுத்தாக வரும் தேதியைப் படிக்கும் பிஎச்பி ஃபங்ஷன்) இருக்கிறதா பாருங்கள். சாய்கோடு போட்டு ஆண்டு கடைசியில் வரும் தேதியை அது எப்போதும் மாதம் முதலில் என்றே படிக்கும். நடுவில் சிறுகோடு இருந்து ஆண்டு கடைசியில் வந்தால் நாள் முதலில் என்று படிக்கும். உங்கள் மொழி ஃபைலை அது பார்ப்பதே இல்லை.

முடித்ததும் 05/06/1990 என்று பிறந்த தேதி கொடுத்து ஒரு சோதனைக் கணக்கு திறவுங்கள். டேட்டாபேஸில் 1990-06-05 என்று பதிந்திருந்தால் சரி. 25-ஆம் தேதியை வைத்து மட்டும் சோதித்தால் போதாது.